"ஏலாது" என்று எழுந்துபோகும் பிள்ளைக்கு எந்தக் கதையைச் சொல்வது?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நான்காம் தரத்தில் படிக்கும் அவருடைய மகன் எதையும் ஒருமுறை செய்துபார்த்து, சரிவராவிட்டால் "எனக்கு ஏலாது" என்று சொல்லி எழுந்துபோய்விடுகிறானாம். விடாமுயற்சியும் தன்மேல் நம்பிக்கையும் வரும்படியான சிறுவர் கதை ஒன்று இருந்தால் இரவில் படுக்கவைக்கும்போது சொல்லலாமே என்பது அவருடைய விருப்பம். கேட்டது ஒரு கதைதான் என்றாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு கதையால் அந்த "ஏலாது" என்ற சொல்லை அசைக்க முடியுமா என்பது ஒன்று, முடியுமென்றால் அது எப்படிப்பட்ட கதையாக இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. நான் வன்னியில் ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் 31 ஆண்டுகள் கற்பித்து இளைப்பாறியவள். உளவியல் மருத்துவம் படித்தவள் அல்லள். ஆகவே வகுப்பறையில் கண்டதையும், ஆய்வாளர்கள் கண்டதாக வாசித்ததையும், என் ஊகத்தையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் எழுத முயல்கிறேன்.

கதைக்குப் போகுமுன் ஒன்றை உறுதியாகச் சொல்லவேண்டும். எல்லா "ஏலாது"வும் நம்பிக்கைக் குறைவினால் வருவதில்லை. என் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு கொப்பியை மூடிவிடுவான். ஒரு தவணை முழுவதும் அவனைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். ஊக்கப்படுத்துவதாக எண்ணிக் கதைகளும் சொன்னேன். ஒருநாள் முன்வாங்கில் இடம் மாறி இருந்தபோது அவன் ஏழு வரி எழுதினான். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்ட பிறகு அவனுக்கு என் கதைகள் எவையும் தேவைப்படவில்லை. அந்தத் தவணையை நினைத்தால் இன்றும் மனம் குறுகுகிறது. எனவே உங்கள் மகன் எந்த வேலையில் "ஏலாது" என்கிறான் என்பதை ஒரு கிழமை கவனியுங்கள். வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும்தான் என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். எழுத்துகளைப் பிரித்தறிவதிலேயே இடர்ப்படுகிறானா என்றும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். விளையாட்டையும் விட்டு, சாப்பாட்டையும் குறைத்து, நித்திரையும் குழம்பியிருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். கதை அதற்கு மருந்தாகாது.

இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

விடாமுயற்சிக்கென்று நாம் வழக்கமாகச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் வெற்றியில் முடிகின்றன. ஆமையும் முயலும் கதையை நான் முடித்த ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, "முயல் நித்திரை கொள்ளாட்டி, ரீச்சர்?" என்று கேட்டது. நேர்மையான கேள்வி. முயல் தூங்காதிருந்தால் ஆமை தோற்றிருக்கும். அந்தக் கதையில் ஆமை ஒரு பாடத்தையும் கற்றுக்கொள்வதில்லை, நடையை மாற்றுவதில்லை, எங்கே பிழைத்தது என்று பார்ப்பதும் இல்லை. எதிராளி செய்த பிழையால் அது முந்துகிறது. காகமும் குடமும் கதை இதைவிட நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் அங்கே முதல் வழி சரிவராதபோது காகம் வேறு வழி தேடுகிறது.

ஆனால் வன்னியில் இதைவிடப் பாரமான ஒரு சிக்கல் உண்டு. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு, 2010ஆம் ஆண்டில், தறப்பாள் கட்டிய கொட்டிலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். "முயற்சி உடையார் இகழ்ச்சி அடையார்" என்று பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "எங்கட அப்பா மூன்று தரம் வீடு கட்டினவர், இப்ப ஒண்டும் இல்லை, அப்ப அவர் முயற்சி செய்யேல்லையா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அறியத்தான் கேட்டாள். முயன்றால் வெல்லலாம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது, வெல்லாதவர்கள் முயலவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இந்த மண்ணில், தம்மால் ஆனதெல்லாம் செய்தும் எல்லாவற்றையும் இழந்த ஒருவர் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவரைக் குற்றவாளியாக்கும் கதையை அவருடைய பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ சொல்லக்கூடாது. இதை ஆய்வு எதையும் காட்டி நிறுவவேண்டிய தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நம் மொழியில் இதற்கான விடை பழைய காலத்திலேயே இருக்கிறது. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறளைப் பலகாலம் நான் வெற்றிக்கான வாக்குறுதியாகவே கற்பித்துவந்தேன். அதில் உள்ள "கூலி" என்ற சொல்லைக் கவனித்தது பின்னர்தான். நாட்கூலிக்குக் களை பிடுங்கப் போகும் அம்மாவைக் கண்ட பிள்ளைக்குக் கூலி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை: பட்ட பாட்டிற்கு அன்றன்று கிடைப்பது, வயல் யாருடையது, விளைச்சல் எப்படி என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னிச் சிற்றரசர் பண்டார வன்னியன் அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டார்; அங்கே நாட்டப்பட்ட கல் பதிவுசெய்தது அவருடைய தோல்வியைத்தான். ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் வென்ற கப்டனுடையது அன்று. தோற்றவரையும் மதிக்கும் மரபு நம்மிடம் இருக்கும்போது, சிறுவர் கதைக்கு மட்டும் வெற்றிக் கிண்ணம் ஏன் கட்டாயமாகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அல்பேட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரையில், தன்னால் இயலும் என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருவதாகச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றுள் மிக வலியது முதலாவது. கதை என்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆகையால் எவ்வளவு நல்ல கதையும் பிள்ளை தன் கையால் செய்து முடிக்கும் ஒரு சிறு வேலைக்கு ஈடாகாது. 1998இல் குளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் தரப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், புதிர்களைச் செய்த சில பிள்ளைகளை "நீ கெட்டிக்காரன்" என்றும் வேறு சிலரை "நீ நன்றாகப் பாடுபட்டிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் இடறியபோது, கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகளே எளிதில் சோர்ந்தார்கள். அடுத்த ஆண்டு உங்கள் மகன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவான். எழுதும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதில்லை. தாண்டியவர்களின் படங்கள் மட்டும் சந்தியில் பதாகையாகத் தொங்கும். "நீ கெட்டிக்காரன், உனக்கு வரும்" என்ற பாராட்டை அந்த ஆண்டில் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தச் சோதனை ஒரு காரணம்.

2016இல் நியூயோர்க்கில் 400 பேரளவிலான ஒன்பதாம், பத்தாம் தர மாணவர்களிடம் செய்த ஆய்வு கதைக்கு நெருக்கமானது. விஞ்ஞானிகளின் சாதனைகளை மட்டும் வாசித்தவர்களை விட, அவர்கள் பட்ட இடர்களை வாசித்தவர்கள் விஞ்ஞானப் பாடத்தில் மேலான புள்ளிகள் பெற்றார்கள். முன்பு பின்தங்கியிருந்தவர்களிடமே இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. 2017இல் ரொறன்ரோவில் நடந்த இன்னோர் ஆய்வில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களுடன் கேட்ட 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் பிறகு கூடுதலாகப் பகிர்ந்தார்கள். அதே கதையில் விலங்குகள் மனிதரைப்போல் உடுத்து நடந்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. இது பகிர்தல் பற்றியது. விடாமுயற்சிக்கும் பொருந்தும் என்பது என் ஊகம் மட்டுமே. முயன்றால் அறிவு வளரும் என்ற எண்ணத்தை இணையவழிப் பாடமாக 12,000 பேரளவிலான அமெரிக்க மாணவர்களுக்குக் கொடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பின்தங்கியிருந்தவர்களின் சராசரி ஏறக்குறைய நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 அளவே உயர்ந்தது. பயன் உண்டு, ஆனால் சிறிது. ஒரு கதை பிள்ளையைத் தலைகீழாக மாற்றும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

இனி என் சொந்த அனுபவம். "எனக்கு ஏலாது" என்ற வசனத்தைப் பாருங்கள். அதில் வேலையின் பெயரே இல்லை. இருப்பது பிள்ளை மட்டும்தான். குறை முழுவதும் அந்த "எனக்கு" என்ற சொல்லின் தலையில் ஏறி இருக்கிறது. விட்டுவிடாமல் நிற்கும் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டால் "இந்தக் கழித்தல் வரேல்லை", "பட்டம் ஒரு பக்கம் சரியுது", "இந்த மூலை பிழைக்குது" என்பார்கள். அவர்களுடைய வசனத்தில் கழித்தலும் பட்டமும் மூலையும் எழுவாயாக நிற்கின்றன. குறை பிள்ளையை விட்டு இறங்கி வேலையின் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது, அந்த இடத்தில் கை வைக்கலாம். விடாமுயற்சிக் கதை என்று நான் மதிப்பது இந்த இடமாற்றத்தைக் காட்டுகின்ற கதையைத்தான். அப்படி ஒன்றை வகுப்புக்காக நானே கட்டி, ஆண்டாண்டாகத் திருத்தி வைத்திருக்கிறேன். உங்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு ஊரில் தும்பி என்று ஒரு பிள்ளை இருந்தாள். வயது ஒன்பது. வைகாசி பிறந்து, காட்டோரம் பாலைப்பழம் மஞ்சள் மஞ்சளாய்த் தொங்கத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் பெரிய ஆட்களோடு பிள்ளைகளும் சேர்ந்து பழம் பொறுக்கப் போவார்கள். அண்ணனிடமும் மச்சாளிடமும் பனையோலைப் பெட்டி இருந்தது. தும்பியிடம் சொப்பிங் பை ஒன்றுதான். போன முறை அந்தப் பைக்குள் பழமெல்லாம் நசிந்து, பாலும் சாறுமாய் ஒட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்தபோது தின்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "இந்த முறை நானே பெட்டி இழைப்பன்" என்று தும்பி அம்மம்மாவின் ஓலைக்கட்டை இழுத்தாள்.

செவ்வாய் பின்னேரம் திண்ணையில் இருந்து இழைக்கத் தொடங்கினாள். ஒன்றின்மேல் ஒன்றாக மடித்தபோது ஓலை டிக்கென்று முறிந்தது. இன்னொன்றை எடுத்தாள். டிக். மூன்றாவதும் டிக். தும்பி எல்லாவற்றையும் முற்றத்தில் எறிந்துவிட்டு, "எனக்கு ஏலாது அம்மம்மா!" என்றாள். அம்மம்மா ஏசவும் இல்லை, "நீ கெட்டிக்காரி, உன்னால ஏலும்" என்று சொல்லவும் இல்லை. முறிந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "எங்க, எந்த இடத்தில முறிஞ்சது, காட்டு பாப்பம்" என்றா. இருவரும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். எல்லாம் மடித்த இடத்திலேயே முறிந்திருந்தன. "சோளகக் காத்தில கிடந்த ஓலை, பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மம்மா படுக்கப் போய்விட்டா.

புதன் விடிய முகம் கழுவப் போன தும்பி, முற்றத்தில் தான் எறிந்த ஓலையைக் கண்டாள். எடுத்து மடித்தாள். முறியவில்லை. இன்னொருக்கால் மடித்தாள். துணி மடிவதுபோல் மடிந்தது. இரவு பெய்த பனியில் ஓலை நனைந்திருந்தது! அன்று பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஒரு சாக்கை நனைத்து ஓலையை அதற்குள் சுற்றி வைத்தாள். பின்னேரம் பெட்டியின் அடி வந்தது. ஆனால் மூலையைத் திருப்பி மேலே எழுப்பியபோது ஓலைகள் வழுக்கிக் கலைந்தன. அவிழ்த்தாள். வியாழன் திரும்பவும் இழைத்தாள், திரும்பவும் கலைந்தது. அழுகை வந்தது, அழுதாள். அழுது முடிந்ததும் மச்சாளிடம் போய், "மூலை திரும்பேக்க நீ என்ன செய்தனீ?" என்று கேட்டாள். "எனக்கு அம்மா பிடிச்சுக்கொண்டு இருந்தவ" என்றாள் மச்சாள். அம்மம்மாவுக்குக் கை நடுக்கம், பிடிக்க முடியாது. தும்பி யோசித்தாள். கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. நாலு கவ்வியைக் கழற்றிக்கொண்டு வந்து மூலையில் கவ்விவிட்டாள். ஓலை அசையவில்லை.

வெள்ளி இரவு மூன்று மூலை வந்துவிட்டது. நாலாவதில் ஒரு விரல் போகிற ஓட்டை. சனி விடிந்துவிட்டது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது. அண்ணன் பார்த்துச் சிரித்தான். தும்பி ஓட்டைக்குமேல் ஒரு தேக்கிலையை வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது இலை விலகி, வழியெல்லாம் பழம் ஒன்றொன்றாய் விழுந்தது. பின்னால் வந்த அணிலுக்கு நல்ல கொண்டாட்டம். ஆனாலும் வீட்டுக்கு வந்தபோது அரைப்பெட்டி பழம் நசியாமல் இருந்தது. அம்மம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இதென்ன பிள்ளை?" என்றா. "அந்த மூலை இன்னும் வரேல்லை அம்மம்மா" என்றாள் தும்பி. அன்று பின்னேரமும் திண்ணையில் சாக்கு நனைந்து கிடந்தது.

கதை இவ்வளவுதான். பெண்பிள்ளையைப் பையனாகவும், பனையோலையைப் பட்டமாகவோ சைக்கிளாகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவன் எந்த வேலையை விட்டுவிட்டு ஓடுகிறானோ அதைக் கதைக்குள் வைக்காதீர்கள். கழித்தல் கணக்கிற்குப் பயந்த பிள்ளைக்குக் கழித்தல் கணக்குக் கதை சொன்னால் முதல் வரியிலேயே தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்து காதை மூடிக்கொள்ளும். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாலாவது மூலையைச் சரியாக்கிவிடவும் வேண்டாம். முன்பு நான் சொன்ன வடிவத்தில் பெட்டி அழகாக முடிந்து, ஊரே பாராட்டும். பிள்ளைகள் கை தட்டுவார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். ஓட்டையோடு விட்ட பிறகுதான் மறுநாள் வந்து, "அந்த மூலைக்கு என்ன செய்யலாம் ரீச்சர், நூலால கட்டினால்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு சில வகுப்புகளில் கண்டதை வைத்துப் பொதுவிதி கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். உங்கள் மகன் முடிந்த கதையைத்தான் விரும்பினால் முடித்துச் சொல்லுங்கள்.

சொல்லும்போது, ஓலை முறிந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள். அவன் ஏதாவது வழி சொன்னால் அது பொருந்தாததாக இருந்தாலும் தும்பி அதைச் செய்துபார்த்ததாகவே கதையைக் கொண்டுபோகலாம். முடிவில் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்காதீர்கள். மறுநாள் அவன் கொப்பியை மூடும்போது "தும்பியைப் பார், அவள் விட்டாளா?" என்று சொல்லவே வேண்டாம். அப்படிச் சொன்ன கணத்தில் தும்பி அவனுடைய தோழியாக இருந்தது போய், பக்கத்து வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையாகிவிடுவாள். அம்மம்மாவின் ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: "எந்த இடத்தில முறிஞ்சது, காட்டு பாப்பம்." கொப்பியோடு அவனருகில் இருந்து, எந்த வரியில் பிழைத்தது என்று அவன் விரலால் தொட்டுக் காட்டும்வரை காத்திருங்கள். விரல் வைத்த பிறகு அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும்; மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தோட்ட வேலையும் வீட்டு வேலையும் முடித்து இரவில் களைத்துப்போய் இருக்கும் ஒரு தாய்க்கு இது எளிதன்று. கிழமைக்கு இரண்டு இரவு கிடைத்தாலும் நல்லது. கதை சொன்ன பிறகு அவன் எந்த இடத்தில் கேள்வி கேட்டான் என்பதையும், "ஏலாது" என்பது எந்தப் பாடத்தில் கூடுதலாக வருகிறது என்பதையும், வகுப்பில் எத்தனையாவது வாங்கில் இருக்கிறான் என்பதையும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு இன்னும் திட்டமாக ஏதாவது சொல்ல எனக்கு முடியும்.